கவியரசரின் கண்ணீரும் எழுதுகோலும்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, இறப்புச் செய்தி எப்போதும் தொலைவிலிருந்தே வருகின்றது. முன்பு அது தந்தியாக வந்தது. இப்போது நள்ளிரவில் தொலைபேசி வழியாக வருகின்றது. இரண்டு இரவுகள் இரயிலில் அமர்ந்து நாம் ஊர் போய்ச் சேருகையில், அழுது ஓய்ந்த வீடும் அவிந்துபோன ஈமத்தீயுமே பலமுறை நம்மை எதிர்கொள்கின்றன. காரியங்களை முடித்துத் திரும்பினால், இங்கே அலுவலகமும் பிள்ளைகளின் பள்ளியும் காத்திருக்கின்றன. காலனியில் அண்டை வீட்டார் அன்புடையவர்களே. வந்து அமர்ந்து ஆறுதல் சொல்கின்றனர். ஆயினும் இறந்தவரை அவர்கள் கண்டதில்லை. அவருடைய குரலும் நடையும் கோபமும் அவர்கள் அறியாதவை. ஆகவே நாமும் அவரைப் பற்றிப் பேசாமலேயே நாட்களைக் கடத்தப் பழகிவிடுகின்றோம்.

நம் முன்னோர் அவ்வாறு வாய் மூடி இருந்தவர் அல்லர். ஊர்ப் பெண்டிர் ஒப்பாரியில் தத்தம் துயரைத் தாமே சொற்களாகக் கட்டிப் பாடினர். சங்கப் புலவர் கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்துக்கொண்டனர். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் மன்னன் தன் மனைவி மாய்ந்தபோது பாடிய பாட்டு, புறநானூற்றில் 245-ஆம் பாட்டாக இன்றும் நிற்கின்றது. அவள் தீயிற் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருப்பது எவ்வாறு என்று தன்னையே வினவிக்கொள்கின்றான் அம்மன்னன். துயரைச் சொல்லாக்குவது நமக்குப் புதிதன்று. இடையில் மறந்த ஒன்றேயாகும்.

அண்மைக் காலத்தில் அதனை வாழ்நாள் முழுதும் செய்தவர் ஒருவர் உண்டு. அவர் வங்கம் தந்த கவியரசர் இரவீந்திரநாத தாகூர். அவர் 1913-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்றனர். அவர் இயற்றிய பாடல்கள் இந்தியாவுக்கும் வங்க தேசத்துக்கும் நாட்டுப் பண்களாக விளங்குவதையும் யாவரும் அறிவர். ஆயின், அப்பெருமகனார் எத்தனை மரணங்களைத் தாங்கினார் என்பதையும், அவற்றைத் தாங்குதற்கு எழுத்து அவருக்கு எவ்வாறு துணை நின்றது என்பதையும் நம்மிற் பலர் அறியார். அதனை இம்மலரில் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இரவீந்திரர் 1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் இருந்த தம் குடும்ப மாளிகையில் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாதர், தாயார் சாரதா தேவி. பிள்ளைகள் பலர் நிறைந்த அவ்வீட்டில், தாயின் அணைப்பு இளையவருக்கு அரிதாகவே கிடைத்தது. 1875-ஆம் ஆண்டில் அத்தாயும் மறைந்தார். அப்போது இரவீந்திரருக்குப் பதினான்கு வயது நிரம்பவில்லை.

அந்த இரவில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். பழைய பணிப்பெண் ஒருத்தி அலறிக்கொண்டு அறைக்குள் ஓடிவந்தாள். பிள்ளைகள் திடுக்கிடக் கூடாதென்று அண்ணியார் விரைந்து வந்து அவளை அப்பால் அழைத்துச் சென்றார். காலையில் முற்றத்துக் கட்டிலில் தாயாரின் உடலைக் கண்டபோது சிறுவருக்கு அச்சம் தோன்றவில்லை. உறங்குவது போன்றே இருந்தது அம்முகம். சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகையில், சந்தின் முனையில் நின்று வீட்டை நிமிர்ந்து நோக்கினார். மூன்றாம் மாடியில், தம் அறைக்கு முன்னே, தந்தையார் அசைவற்றுத் தியானத்தில் அமர்ந்திருந்தார்.

இக்காட்சியை இரவீந்திரர் அன்றே எழுதிவிடவில்லை. ஐம்பது வயதை எட்டியபோது, ‘ஜீவன ஸ்மிருதி’ என்னும் தம் நினைவு நூலிலே எழுதினார். அந்நூல் 1912-இல் வெளிவந்தது. மரணத் துயரம் பற்றி அதில் ஒரு தனி இயலே உண்டு. பணிப்பெண்ணின் அலறலும் தந்தையாரின் அசையாத உருவமும் முப்பத்தாறு ஆண்டுகள் அவர் உள்ளத்தில் அழியாது இருந்தன என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது. சிறுவர்கள் சாவை விரைவில் மறந்துவிடுவர் என்று பெரியவர்களாகிய நாம் எண்ணிக்கொள்வது எவ்வளவு பிழை!

தாயற்ற பிள்ளைகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் காதம்பரி தேவி. அவர் அண்ணன் ஜோதிரிந்திரநாதரின் மனைவியார். 1868-இல், ஒன்பது வயதுச் சிறுமியாக அவ்வீட்டிற்கு மருமகளாய் வந்தவர். இரவீந்திரரைவிட இரண்டே வயது மூத்தவர். இளங்கவிஞரின் பாட்டுகளை முதலிற் கேட்பவரும், எளிதில் பாராட்டாதவரும் அவரே. வேறொரு வங்கக் கவிஞரின் பெயரைக் கூறி, அவரைப்போல் எழுத உமக்கு வராது என்று கேலி செய்வார். அக்கேலிக்கு அஞ்சியே கவிஞர் மேலும் மேலும் முயன்றார்.

1883 டிசம்பரில் இரவீந்திரருக்குத் திருமணம் நிகழ்ந்தது. நான்கு மாதங்கள் கழித்து, 1884 ஏப்ரலில், காதம்பரி தேவி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன் காரணம் பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். நாம் அதனுட் புக வேண்டுவதில்லை. குடும்பத்தார் அச்செய்தியை வெளியிற் பரவவிடவில்லை. இருபத்துமூன்று வயதை எட்டும் தறுவாயில் இருந்த கவிஞர், தம் துயரை ஊரறிய அழுது தீர்க்கவும் வழியின்றி நின்றார்.

அப்போதுதான் எழுதுகோல் அவருக்கு உற்ற துணையாயிற்று. மறைந்தவரை நேரே விளித்துப் பேசுவது போன்ற உரைநடைப் பகுதி ஒன்றை எழுதினார். அது ‘பாரதி’ என்னும் குடும்ப இதழில் வெளியாயிற்று. அடுத்தடுத்து வந்த நூல்களையும் பெயர் சுட்டாமல் அவருக்கே உரிமையாக்கினார். ஆயினும் துயர் உடனே தணிந்துவிடவில்லை. அந்நாட்களில் தாம் உலக வழக்கங்களைப் பொருட்படுத்தாமல் திரிந்ததை ‘ஜீவன ஸ்மிருதி’யில் ஒளிக்காமற் கூறுகின்றார். உடம்பில் ஒரு முரட்டுப் போர்வையும் காலிற் செருப்புமாக, கல்கத்தாவின் பெரிய ஆங்கிலப் புத்தகக் கடைக்குப் போய்விடுவாராம். மழையிலும் பனியிலும் மூன்றாம் மாடியின் திறந்த வெளியிலேயே படுத்துக்கொள்வாராம். துயருற்ற இளைஞர் எவரேனும் நம் வீட்டில் இவ்வாறு நடந்துகொண்டால், நாம் கடிந்துகொள்ளுமுன் இதனை நினைத்தல் நலம்.

அவருடைய இல்லற வாழ்வைப் பற்றி இனிக் கூறுவோம். மனைவியார் மிருணாளினி தேவி பெரும்படிப்பு இல்லாமல் சிறு வயதில் வந்தவர். கணவரின் பெருங்குடும்பத்தில் அனைவர்க்கும் இனியவரானார். மாதுரிலதா, ரதீந்திரநாதர், ரேணுகா, மீரா, சமீந்திரன் என மக்கள் ஐவர். வெளியூரிலிருந்து எழுதிய கடிதங்களில் கவிஞர் தம் மனைவியை, விடுமுறை என்று பொருள்படும் ஒரு வங்கச் சொல்லாலே செல்லமாக அழைத்தார். 1901 டிசம்பரில் சாந்திநிகேதனத்திற் பள்ளி தொடங்கியபோது பணமுடை மிகுந்தது. அம்மையார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாமே சமைத்தும் பரிமாறினார். ஓராண்டு நிறையுமுன் நோய்வாய்ப்பட்டார். கவிஞர் செவிலியரை நாடாமல், இரவு பகலாகத் தாமே விசிறிக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தார். 1902-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆறுதல் கூற வந்தவர்களிடம் கவிஞர் அமைதியாகவே பேசினார். அன்றிரவு மாடிக்குச் சென்று, எவரும் வர வேண்டாமென்று கூறி, தனியே உலவிக்கொண்டிருந்தார் என்று மகனார் ரதீந்திரநாதர் தம் நினைவுகளில் எழுதியுள்ளார். பின்னர், அம்மையார் அணிந்த செருப்புகளை மகனிடம் கொடுத்துப் போற்றி வைக்கச் சொன்னார். அவ்வளவே அவர் பிறர் காணக் காட்டிய துயரம். எஞ்சியவை பாட்டுகளாயின. அவ்வமயம் எழுதப்பட்ட இருபத்தேழு பாட்டுகளும் ‘ஸ்மரண்’, அஃதாவது நினைவு, என்னும் பெயரிலே தொகுக்கப்பட்டன.

அப்பாட்டுகளில் ஒன்று நம் உள்ளத்தை நெகிழ்விப்பது. மனைவியின் பொருள்களை ஒழுங்கு செய்கையில், தாம் முன்னர் அவருக்கு எழுதிய பழைய கடிதங்கள் சிலவற்றைக் கவிஞர் காண்கின்றார். அம்மையார் அவற்றை எவரும் அறியாமல் மறைத்து வைத்துக் காத்து வந்திருக்கின்றார். எழுதியவரே மறந்துபோன தாள்களை அன்பு ஒன்று காத்திருந்ததைப் போல, இன்று அவரையும் எங்கேனும் ஓர் அன்பு காத்து நிற்குமா என்று கவிஞரின் உள்ளம் வினவுகின்றது. இறந்த தாயின் பெட்டியைத் திறந்து, அடியில் தம் கையெழுத்தைத் தாமே கண்டவர்கள் நம் காலனியிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு இப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

துயரம் ஒன்றோடு நின்றபாடில்லை. இரண்டாம் மகள் ரேணுகாவுக்குக் காச நோய் கண்டது. மலைக்காற்று உதவுமென்று 1903-இல் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற்கு மகளை அழைத்துச் சென்றார். தாயை இழந்த பிள்ளைகள் ஒருபுறம். வாடும் மகள் மறுபுறம். அந்நிலையிலே அவர் எழுதியவை அழுகைப் பாட்டுகளல்ல. ‘சிசு’ என்னும் குழந்தைப் பாட்டுகளையே எழுதினார். தாயும் குழந்தையும் பேசிக்கொள்வதும், குழந்தை தாயைக் காக்கும் வீரனாகத் தன்னை எண்ணிக்கொள்வதும் அவற்றுள் உண்டு. வீட்டில் தாயில்லை, ஆகவே பாட்டில் ஒரு தாயை அமர்த்தினார் போலும்! பின்னாளில் இவற்றுட் பல ஆங்கிலத்திற் சென்று, உலகெங்கும் குழந்தைகளை மகிழ்வித்தன. ரேணுகா மலையினின்று திரும்பிய சில நாட்களில், அவ்வாண்டு செப்டம்பரில், கல்கத்தாவில் மறைந்தாள். 1905 ஜனவரியில் தந்தையார் தேவேந்திரநாதரும் மறைந்தார்.

கடைக்குட்டியான சமீந்திரன் தந்தையின் சாயலும் கவிதை உள்ளமும் உடையவன். 1907-இல் விடுமுறைக்காக நண்பனுடன் பீகாரிலுள்ள முங்கேருக்குச் சென்றிருந்தான். அங்கே காலரா கண்டது. தந்தையார் விரைந்து சென்றார், பயனில்லை. நவம்பர் மாதத்தில், தாய் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, வங்கப் பஞ்சாங்கப்படி அதே நாளிலேயே அவனும் மறைந்தான். பதினோரு வயதுகூட நிரம்பவில்லை.

அப்போது ‘பிரவாசி’ என்னும் திங்களிதழில் அவருடைய ‘கோரா’ என்னும் நாவல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஊரைப் பிரிந்து வாழ்பவர் என்பதே அவ்விதழின் பெயர்க்குப் பொருள்; இராமானந்த சட்டர்ஜி 1901-இல் அலகாபாத்தில் அதனைத் தொடங்கினார். நம்மைப் போன்றோர்க்கு அப்பெயர் நெருக்கமானதன்றோ! மகன் மறைந்ததனால் அத்தொடர் நின்றுவிடவில்லை. 1910 வரை நடந்து முற்றுப்பெற்றது. 1908-இல் சாந்திநிகேதனத்துச் சிறுவர் ஆடுவதற்கென்று ‘சாரதோத்சவம்’ என்னும் மகிழ்ச்சி நிறைந்த நாடகத்தையும் எழுதினார். சமீந்திரன் வயதொத்த பிள்ளைகள் அதில் ஆடிப் பாடினர். 1910-இல் வங்க மொழியில் ‘கீதாஞ்சலி’ வெளிவந்தது. அந்நூலின் அமைதியை நாம் போற்றுகின்றோம். அவ்வமைதி எத்தகைய ஆண்டுகளைக் கடந்து வந்தது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

மூத்த மகள் மாதுரிலதாவும் காச நோயால் வாடினாள். கல்கத்தாவில் இருந்த அவள் வீட்டிற்குத் தந்தையார் நாள்தோறும் சென்று அருகில் அமர்ந்திருந்தார். 1918 மே 16-ஆம் நாளும் அவ்வாறே சென்றார். எல்லாம் முடிந்துவிட்டதென்று வாசலிலேயே தெரிந்தது. மாடி ஏறாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லையே என்று நமக்குத் தோன்றலாம். ஒவ்வொரு நாளும் பார்த்தவர்க்கு அந்த முகமே போதுமாயிருந்தது போலும்.

அவர் எழுத்து அவருக்கு மட்டுமே துணையாய் நின்றதா? இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. முதல் உலகப் போரில், 1918 நவம்பரில், வில்பிரட் ஓவன் என்னும் ஆங்கில இளங்கவிஞர் களத்தில் மாண்டார். கடைசியாக வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலே அவர் தாயிடம் சொன்ன சொற்கள் ‘கீதாஞ்சலி’யிலிருந்து எடுத்தவை. மகன் மாண்டபின் அவருடைய குறிப்புப் புத்தகம் வீடு வந்து சேர்ந்தது. அதில் அச்சொற்கள் மகனின் கையெழுத்தில், தாகூரின் பெயருடன் இருந்தன. 1920-இல் அத்தாய் இச்செய்தியைக் கவியரசருக்கே கடிதமாக எழுதினார். மகனை இழந்த ஒருவரின் எழுத்து, மகனை இழந்த மற்றொருவர் கையை அடைந்த வரலாறு இது.

இதனினும் நெருக்கமான சான்று அவர் குடும்பத்திலேயே உண்டு. இளைய மகள் மீராவின் ஒரே மகன் நிதீந்திரன், அச்சுக்கலை பயில ஜெர்மனி சென்றிருந்தான். 1932 ஆகஸ்டில், இருபது வயதை ஒட்டிய அவ்விளைஞன் காச நோயால் அங்கே மறைந்தான். கவியரசருக்கு அப்போது எழுபத்தொரு வயது. அம்மாதத்திலேயே அவர் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சமீந்திரன் மறைந்த மறுநாள் இரவில் தாம் இரயிலில் வந்ததை அதில் நினைவுகூர்ந்தார். வானமெங்கும் நிலவொளி பரந்திருந்தது. எங்கும் எதுவும் குறைந்துபோனதாக ஓர் அடையாளமும் இல்லை. எல்லாவற்றையும் தன்னுள் கொண்ட முழுமையிலிருந்து எதுவும் விழுந்துவிடவில்லை, தாமும் அதனுள்ளேயே இருப்பதால் தமக்குரிய பணியும் எஞ்சியிருக்கின்றது என்று அவ்விரவிலே தம் உள்ளம் தேர்ந்ததை மகளுக்குச் சொன்னார். சாந்திநிகேதனத்தில் நடக்கவிருந்த மழை விழாவைத் தம் துயரத்தின்பொருட்டு நிறுத்த வேண்டாமென்று தாம் கூறிவிட்டதையும் தெரிவித்தார்.

இக்கடிதத்தை நாம் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கின்றோம். 1907-இல் ஓர் இரயில் பெட்டியில் தோன்றிய எண்ணம், இருபத்தைந்து ஆண்டுகள் தந்தையின் உள்ளத்தில் இருந்தது. அதற்குரிய நாள் வந்தபோது, மகளின் கைக்குச் சென்றது. அந்த இரவை அவர் மறக்க முயன்றிருப்பாராயின், மீராவுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருந்திராது. எழுத்து துயரத்தை அழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. கவியரசர் எழுபது வயதிலும் மகனை மறந்தாரில்லை. துயரத்தைச் சிதறாமல் வைத்திருந்து, தேவைப்படுவோர்க்கு எடுத்துக் கொடுக்கும் ஆற்றலை எழுத்து அவருக்கு நல்கியது என்பதே நாம் கண்டது.

பேரன் மறைந்த நாட்களில் ஒரு பாட்டும் எழுதினார். அதில் தம் எழுதுகோலை நோக்கியே பேசுகின்றார். தன் ஒருவனுக்கே உரிய காயத்தை ஊரார் கண்முன் விரித்துத் தன்னை நாணச் செய்ய வேண்டாமென்று அதனை வேண்டிக்கொள்கின்றார். உலகத்து மக்கள் அனைவரும் சுமக்கும் துயரத்தின் பக்கம் அதனைத் திருப்புகின்றார். அப்பாட்டு இடம்பெற்ற ‘புனச்ச’ என்னும் நூலை அப்பேரனுக்கே உரிமையாக்கினார். எதை எழுதி வைப்பது, எதை வெளியிடுவது என்பவை வேறு வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதங்களும் அவர் வாழ்நாளில் நூலாகவில்லை; மறைந்த மறு ஆண்டு, 1942-இல்தான் வெளிவந்தன.

1940-இல், எண்பதை நெருங்கிய வயதில், சிறுவர்க்காகத் தம் இளமைக் காலத்தை எளிய நடையில் எழுதினார். அதில் காதம்பரி தேவி மீண்டும் மணப்பெண்ணாக அவ்வீட்டினுள் வருகின்றார். ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கண்ணீரோடு விளித்தவரை, இப்போது புன்னகையோடு காட்டுகின்றார் கவிஞர். மறு ஆண்டு, 1941 ஆகஸ்டு 7-ஆம் நாள், தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் அவரும் மறைந்தார்.

நாம் கவியரசர் அல்லேம். நாம் எழுதுவன நூலாக வேண்டுவதுமில்லை. ஆயினும் பள்ளிக் குறிப்பேடு ஒன்று எவர் வீட்டிலும் கிடைக்கும். இறந்த தந்தையார் மாலையில் எவ்வாறு குடையை மடித்து மூலையில் வைப்பார், பாட்டியார் எந்தச் சொல்லால் நம்மை அழைப்பார், ஊருக்குப் போகும் இரயிலில் அன்றிரவு நாம் என்ன எண்ணினோம் என்பவற்றை நம் தமிழிலே எழுதி வைத்தல் இயலும். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முகம் ஒரு படமாகவே தெரியும். அவரை மனிதராக அறிவதற்கு நம் எழுத்தன்றி வேறு வழி யாது? எழுதியதை உடனே எவர்க்கும் காட்ட வேண்டா. பெட்டியிலே வைப்போம். மீராவுக்கு ஒரு நாள் வந்தது போல், நம் மக்களுக்கும் ஒரு நாள் வரும். அன்று அவர்கள் அதனைத் திறந்து பார்க்கட்டும்.